தராசு யார் கையில்?

தாய்மை ஓர் அழைத்தல் என்று திருச்சபை கற்பிக்கின்றது. உழைப்பும் ஓர் அழைத்தலே என்று அது கற்பிக்கின்றது. இவ்விரு அழைத்தல்களும் ஒரே பெண்ணிடம், ஒரே இல்லத்தில், ஒரே நாளில் வந்து சேரும்போது அவர் எதற்கு முதலில் செவிசாய்ப்பது? இன்று நம் பங்குகளிலுள்ள பல இல்லங்களில் இக்கேள்வி எழுந்துள்ளது.

வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் இதை அறிவர். தொட்டிலுக்கருகே தையல் இயந்திரம். கட்டிலின்மேல் பாதி முடிந்த ஆரி வேலைச் சட்டம். பிள்ளைகளின் பாடப்புத்தகங்களோடு கலந்து கிடக்கும் மணிகளும் நூற்கண்டுகளும். கைத்திறனாகத் தொடங்கியது, அண்டை வீட்டார் விரும்பிக் கேட்கவே சிறு வருவாயாகி, பின்னர் முகூர்த்த நாள்களையொட்டி இரவெல்லாம் கண்விழிக்கும் தொழிலாகவே வளர்ந்துவிடுகின்றது. அப்பெண்ணைக் காண்போர் வியப்போடு கேட்பது ஒன்றே: "வீட்டையும் தொழிலையும் எப்படியம்மா சமாளிக்கிறாய்?" இதே கேள்வியை அவர்தம் கணவரிடம் எவரும் கேட்பதில்லை. அவரும் தொழில் செய்கின்றார். அவரும் ஒரு தந்தைதான். ஆயினும் குடும்பத்தையும் தொழிலையும் இரு தட்டுகளில் வைத்துச் சரிபார்க்கும் தராசு பெண்ணின் கையில் மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கின்றது.

ஒரு தாய் தம் கலைத்திறனைத் தொழிலாக வளர்க்கலாமா என்பதைவிட, அத்தராசைப் பிடிக்க வேண்டியவர் யார் என்பதே ஆழ்ந்த அறநெறிக் கேள்வி என நாம் கருதுகின்றோம். முதல் கேள்விக்கு மறைநூல் எப்போதோ விடை கூறிவிட்டது. இரண்டாம் கேள்விக்கு நம் இல்லங்கள் இன்னும் விடை கூறவில்லை.

மறைநூல் காட்டும் பெண்கள்

நீதிமொழிகள் நூலின் இறுதிப் பகுதியில் திறமை வாய்ந்த மனைவியைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. எபிரேய எழுத்துகளின் வரிசைப்படி 22 வசனங்களில் அமைந்த பாடல் அது. அன்னையர் நாளன்று நம் ஆலயங்களில் அது விரும்பி வாசிக்கப்படுகின்றது. அப்பெண் கம்பளியும் சணலும் தேடி, தம் கைகளால் விருப்புடன் வேலை செய்கின்றார். நிலத்தைப் பார்த்து மதிப்பிட்டு வாங்குகின்றார். தம் வருவாயைக் கொண்டு திராட்சைத் தோட்டம் அமைக்கின்றார். மெல்லிய ஆடைகளையும் இடைக்கச்சைகளையும் நெய்து வணிகர்களிடம் விற்கின்றார். ஏழைகளுக்குக் கைநீட்டி உதவுகின்றார். இல்லமும் வணிகமும் அங்கே பகைப்பொருள்களாகக் காட்டப்படவில்லை.

ஆயினும் இப்பாடலை நாம் வாசிக்கும் முறையில் ஒரு கோணல் நேர்ந்துவிட்டது. அதைப் பெண்ணுக்குரிய கடமைகளின் பட்டியலாக மாற்றி, ஒவ்வொரு தாயின் முன்னும் நீட்டுகின்றோம். இரவிலும் அவர் விளக்கு அணையாது என்ற வரியைச் சுட்டிக்காட்டிப் புகழ்கின்றோம். அவர் வீட்டில் வேலையைப் பகிர்ந்துகொள்ளப் பணிப்பெண்கள் இருந்தனர் என்பதைக் கவனியாது கடந்துபோகின்றோம். பாடலின் இறுதி வசனம் ஒரு கட்டளை. அக்கட்டளை அப்பெண்ணுக்கு இடப்பட்டதன்று. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கே இடப்பட்டது. அவருடைய கைகளின் பயனை அவருக்கே அளிக்குமாறும், அவர் செயல்கள் ஊரவையில் புகழப்பெற வேண்டுமென்றும் அது பணிக்கின்றது. கணவரும் பிள்ளைகளும் எழுந்து நின்று பாராட்டுவதோடு கடமை முடிந்துவிடவில்லை. உழைப்பின் பயன் உழைத்தவரின் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதே மறைநூலின் முடிவு.

தோபித்து நூலில் வரும் இன்னொரு காட்சியை நாம் அதிகம் தியானிப்பதில்லை. நேர்மையாளரான தோபித்து பார்வையிழந்து வீட்டில் இருக்கின்றார். அவர் மனைவி அன்னா நெசவுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகின்றார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகத் தருகின்றனர். வீட்டில் ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியைக் கேட்ட தோபித்து, அது திருடப்பட்டது என்றே முடிவு செய்கின்றார். அன்பளிப்பு என்று மனைவி கூறியும் அவர் நம்பவில்லை. உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி கடிந்துகொள்கின்றார். அன்னாவும் சும்மா இருக்கவில்லை. கணவர் செய்த தருமமும் நற்செயல்களும் எங்கே போயின என்று திருப்பிக் கேட்கின்றார்.

தோபித்து கெட்ட மனிதரல்லர். உயிருக்கு அஞ்சாமல் இறந்தோரை அடக்கம் செய்த அறச்செல்வர். அத்தகையவருக்கும் மனைவியின் வருவாயை நம்பிக்கையோடு ஏற்பது எளிதாயில்லை. தாம் உழைக்க இயலாதபோது மனைவியின் உழைப்பால் வாழ நேர்ந்த வேதனை, அங்கே ஐயமாக உருமாறிற்று. பெண்ணின் கைக்குப் பணம் வரத் தொடங்கும் இல்லங்கள் பலவற்றில் இன்றும் கேட்பது அதே ஆட்டுக்குட்டியின் குரல்தான். "இவ்வளவு பணம் எப்படி வந்தது? யாரிடம் பேசினாய்? ஏன் இவ்வளவு நேரம்?" என்ற வினாக்கள் எழும்போது, அன்னாவின் மனவேதனையை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

புதிய ஏற்பாட்டில், செந்நிற ஆடைகளை விற்றுவந்த லீதியாவின் இல்லமே பிலிப்பியில் திருத்தூதர் பவுலுக்கு அடைக்கலம் தந்தது. பிரிஸ்கில்லா தம் கணவர் அக்கிலாவோடு கூடாரத் தொழில் செய்தவர். திருச்சபையின் தொடக்க நாள்களில் பெண்ணின் தொழில், நற்செய்திக்கு வாயிலாகவே அமைந்தது.

அலான்சோன் நகரத்துத் தாய்

மறைநூலிலிருந்து நம் காலத்துக்கு நெருங்கி வருவோம். சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே இல்லை. அவருடைய அன்னை செலி ஒரு தொழில்முனைவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1831-ஆம் ஆண்டு பிறந்த செலி, பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் வளர்ந்தார். துறவு மடத்தில் சேர விரும்பினார்; ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அந்நகர் 17-ஆம் நூற்றாண்டு முதலே லேஸ் பின்னலுக்குப் புகழ்பெற்றது. ஊசியும் நூலும் மட்டும் கொண்டு, தோல்தாளில் வரைந்த கோலத்தின்மேல் தையல் தையலாக எழுப்பப்படும் நுண்கலை அது. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்னுவதற்கு ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். இக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2010-ஆம் ஆண்டு மானுட குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. லேஸ் பின்னல் நமக்கும் அயலானதன்று. குமரி மாவட்டத்து முளகுமூட்டில் பெல்ஜியம் நாட்டு அருட்சகோதரியர் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை பல ஏழைப் பெண்களுக்குக் கைகொடுத்தது.

செலி இக்கலையைக் கற்று, 22 வயதளவில் தமக்கென ஒரு தொழிலைத் தொடங்கினார். பெண்கள் பலர் தத்தம் இல்லங்களிலிருந்தே துண்டு துண்டாகப் பின்னிக் கொண்டுவந்து ஒப்படைப்பர். அத்துண்டுகளில் நேர்ந்த குறைகளைச் சீர்செய்து, இணைப்பே தெரியாதவாறு ஒன்றோடொன்று சேர்க்கும் கடினமான வேலையைச் செலி தாமே செய்தார். 1858-ஆம் ஆண்டு கடிகாரம் செய்பவரான லூயி மார்ட்டினை மணந்தார். ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். தொழிலையும் விடவில்லை. மார்பகப் புற்றுநோயால் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது 45. கடைசி மகள் தெரேசாவுக்கு வயது 4. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கணவர், மனைவி இருவரையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

இவ்வரலாற்றை இவ்வளவோடு நிறுத்தினால், "பாருங்கள், புனித செலி எல்லாவற்றையும் சமாளித்தார், நீங்களும் சமாளியுங்கள்" என்று நம் தாய்மார்களுக்கு இன்னொரு சுமையை ஏற்றியவர்களாவோம். அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. அவை அப்படிச் சொல்லவில்லை. வேலை குவியும்போது தாம் அடிமையைப் போலாவதையும், வேலை இல்லாதபோது கவலை வாட்டுவதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். ஓய்வுக்காக ஏங்கினார். ஒன்பது குழந்தைகளுள் நால்வரை இளமையிலேயே அடக்கம் செய்தார். தம்மால் பாலூட்ட இயலாமையால் செவிலித் தாயிடம் ஒப்படைத்த ஒரு பெண்குழந்தை, அங்குக் கவனிப்பின்றி வாடி இறந்தது. தெரேசாவும் முதல் ஆண்டின் பெரும்பகுதியை ஒரு கிராமத்துச் செவிலித் தாயின் வீட்டிலேயே கழித்தார்.

இவற்றினும் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது மூன்றாம் மகள் லெயோனியின் கதை. அவள் முரட்டுப் பிள்ளை, சொல் கேளாதவள், படிப்பு ஏறாதவள் என்று எல்லாரும் கவலைப்பட்டனர். தாய் எவ்வளவு அன்பு காட்டியும் அவள் நெருங்கவில்லை. வீட்டில் பல ஆண்டுகள் நம்பிக்கைக்குரியவளாக இருந்த பணிப்பெண், தாய்க்கு உதவுவதாக எண்ணி, அச்சிறுமியை மறைவில் அச்சுறுத்தி அடக்கி வைத்திருந்தாள் என்பது 1877-ஆம் ஆண்டுதான் தெரியவந்தது. அதைக் கண்டறிந்தவர் மூத்த மகள் மரி. அப்போது செலி மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் சில மாதங்களே தாயும் மகளும் ஒருவரையொருவர் உண்மையாகக் கண்டுகொண்டனர்.

இங்கே ஒரு தீர்ப்பு நம் நாவில் எழுகின்றது: "லேஸ், லேஸ் என்று இருந்ததால்தானே பெற்ற பிள்ளையின் துயரம் தெரியாமற் போயிற்று!" சற்றுப் பொறுப்போம். அதே வீட்டில் லூயியும் இருந்தார். அவரும் பக்தியுள்ள தந்தை. பிள்ளைகள்மீது உயிரையே வைத்தவர். அவருக்கும் அது தெரியவில்லை. அவ்வாறிருக்க, நம் தீர்ப்பு ஏன் தாயை மட்டும் தேடிச் செல்கின்றது? தராசு பெண்ணின் கையில் மட்டுமே இருக்கின்றது என்று நாம் உள்ளுக்குள் நம்புவதே இதற்குக் காரணம். லேஸ் தொழிலால்தான் அத்துன்பம் நேர்ந்தது என்று கூற நமக்குச் சான்றில்லை. தொழிலே செய்யாத தாய்மாரின் இல்லங்களிலும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டாமல் துன்புறுவதுண்டு. பிள்ளைக்கு உணவும் உடையும் கிடைத்தால் போதாது. அதன் முகத்தை யாரேனும் ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே லெயோனி நமக்குக் கற்பிக்கும் பாடம். அந்த 'யாரேனும் ஒருவர்' தாயாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது எந்தக் கட்டளையிலும் இல்லை. அந்த லெயோனி பின்னாளில் துறவியானார். அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான பணிகள் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன.

கணவர் கடையை விற்றார்

இத்தம்பதியரின் வாழ்வில் நம் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1870-ஆம் ஆண்டு லூயி தம் கடிகாரக் கடையை உறவினர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அது நலிந்த கடையன்று. மனைவியின் தொழில் வளர்ந்து, அவர் தனியாகத் தாங்க இயலாத நிலை வந்தபோது, அத்தொழிலுக்குத் தோள் கொடுப்பதற்காகவே அவ்வாறு செய்தார். பாரிசுக்குப் பயணம் செய்து வாடிக்கையாளர்களைக் கண்டார், கணக்குகளைப் பார்த்தார். ஆணின் தொழிலே குடும்பத்தின் தொழில், பெண்ணின் தொழில் கைச்செலவுக்கு என்று எண்ணிய 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது இது.

எல்லாக் கணவர்களும் தம் வேலையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலான இல்லங்களில் அது இயலவும் இயலாது. ஆனால் லூயியின் செயலில் உள்ள மனநிலை எல்லாருக்கும் உரியது. "உன் தொழில்" என்பதை "நம் தொழில்" என்றும், "உன் பிள்ளைகள்" என்பதை "நம் பிள்ளைகள்" என்றும் அவர் மாற்றிக்கொண்டார். அதனால் அவ்வில்லத்தில் துன்பமே இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர் மனைவி பாரத்தைத் தனியாகச் சுமக்கவில்லை.

திருச்சபை கூறுவது என்ன?

"தாய் வீட்டில் இல்லையென்றால், அல்லது இருந்தும் இல்லாதவர்போல் இருந்தால், பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று கேட்போர் உண்டு. இது அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டில் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலிலும், அதே ஆண்டு குடும்பத்தைப் பற்றி வழங்கிய திருத்தூது ஊக்கவுரையிலும் இதை எடுத்துரைக்கின்றார். பிள்ளைகளுக்குத் தாயின் அருகாமை தேவை. வீட்டுப் பணிக்குரிய மதிப்பை உலகம் மறுப்பது தவறு. பொருளாதார நெருக்கடியால் ஒரு தாய் விருப்பமின்றி வீட்டைவிட்டு வேலைக்குத் துரத்தப்படலாகாது என்கின்றார். அதே மடல்களில்தான் பெண்ணுக்குப் பொதுப்பணிகள் அனைத்திலும் முழு உரிமை உண்டு என்பதையும், அவர் முன்னேற்றத்துக்கு விலையாகத் தம் தாய்மையை இழக்கும்படி வேலையின் அமைப்பு இருக்கலாகாது என்பதையும் கூறுகின்றார். தாயை மாற்றச் சொல்லவில்லை. வேலையின் அமைப்பை மாற்றச் சொல்கின்றார். குடும்பத்தில் தந்தையின் இடத்தையும் பொறுப்பையும் அதே ஊக்கவுரை தனியே வலியுறுத்துகின்றது.

2016-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையில் இன்னும் தெளிவாகவே எழுதினார். மனைவியின் வேலை நேரத்துக்கு ஏற்பக் கணவர் தம்மை அமைத்துக்கொள்வதாலோ, வீட்டு வேலைகளிலும் குழந்தை வளர்ப்பிலும் பங்கேற்பதாலோ அவருடைய ஆண்மை குறைந்துவிடாது என்பது அவர் கருத்து. இப்பகுதி நம் பங்குகளில் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் எத்தனை முறை வாசிக்கப்பட்டிருக்கும் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

நம் இல்லங்களில்

இனி நடைமுறைக்கு வருவோம். பாரத்தைப் பகிராத வீட்டில் அப்பாரம் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகின்றது. தாய் அவசர ஆர்டரை முடித்துக்கொண்டிருக்க, கணவர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருப்பாரானால், தம்பிக்குச் சோறூட்டி, பாத்திரம் துலக்கி, பின்பு பாடம் படிப்பவள் மூத்த மகள். அல்லது முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்பவர் வயது முதிர்ந்த பாட்டி. வீட்டில் பலவீனமானவர் யாரோ அவர் தோளில் அது இறங்குகின்றது. தாயின் தொழிலை நாம் எடைபோட வேண்டுமானால், வருவாயை மட்டும் எண்ணாமல், இந்தத் தோள்களையும் எண்ண வேண்டும்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் மனைவியின் பெயரில் கடன் வாங்கி, அப்பணத்தைக் கணவர் தம் செலவுக்கு எடுத்துக்கொள்வதும், தவணை நாளில் குழுவின் முன் அவர் மட்டும் தலைகுனிந்து நிற்பதும் நாம் அறியாதவை அல்ல. இது குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று, அநீதி. கைகளின் பயனை உரியவருக்கு அளிக்கும்படி மறைநூல் இட்ட கட்டளையை மீறுவது. வருவாய் குடும்பத்துக்கே பயன்படட்டும். ஆனால் அதைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் உழைத்தவரும் அமர்ந்திருக்க வேண்டும்.

தொழில் வளர்ந்து பிறருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு வந்த தாய்க்கும் ஒரு கடமை உண்டு. அவரிடம் துண்டு வேலை செய்யும் பெண்களும் தாய்மாரே. அவர்கள் வீட்டிலும் தொட்டில் ஆடுகின்றது. தமக்குக் கிடைக்காத ஓய்வைப் பிறருக்கும் மறுப்பது அறமாகாது. நோயுற்ற பணிப்பெண்களைச் செலி வீடு தேடிச் சென்று கண்டார் என்பதை இங்கே நினைவுகூர்வது நலம். கூலியைக் குறித்த நாளில் கொடுப்பதும் செபத்துக்கு ஒப்பான செயலே.

இறுதியாக, தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காதீர்கள். அது பொழுதுபோக்கு என்று பிறர் சொன்னால் வெட்கப்படாதீர்கள். ஆனால் எத்தொழிலுக்கும் ஒரு பசி உண்டு. நாம் எவ்வளவு கொடுத்தாலும் அது இன்னும் கேட்கும். மார்ட்டின் தம்பதியர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறவாதிருந்தனர். அதனால் வந்த இழப்பை அறிந்தே ஏற்றனர். வேலை மனிதருக்காக, மனிதர் வேலைக்காக அல்லர். இந்த ஆர்டர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பதை அறிந்த பெண்ணே தம் தொழிலுக்குத் தலைவி. அது இல்லாதவர் அதன் பணியாள். அவ்வாறு சொல்லும் துணிவு வர, வீட்டிலுள்ளோரின் துணை வேண்டும். பிள்ளையின் காய்ச்சலுக்காக ஓர் ஆர்டரை இழந்த மனைவியைப் பார்த்து "பரவாயில்லை" என்று கணவர் சொல்லும் ஒரு சொல், அவருக்குப் பெரும் ஊக்கமாக அமையும்.

செலி தனித்தனித் துண்டுகளை ஒன்றாக இணைத்தார். அந்த இணைப்பில் அவருக்குப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. குடும்பத்தில் தொழிலையும் அன்பையும் இணைப்பதும் அத்தகைய பொறுமையான வேலையே. அதை ஒருவர் மட்டும் செய்து முடிக்க இயலாது. ஆகவே அடுத்தமுறை ஒரு பெண்ணைப் பார்த்து "எப்படியம்மா சமாளிக்கிறாய்?" என்று கேட்க நம் நா எழுமானால், அருகில் நிற்கும் கணவரையும் பார்த்து, "நீங்கள் இருவரும் எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள்?" என்று கேட்போம். அன்பியக் கூட்டங்களில் கேட்போம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் கேட்போம். விடை சொல்ல அவர் தயங்கினால், அத்தயக்கத்திலிருந்தே அவ்வீட்டின் மனமாற்றம் தொடங்கட்டும்.